ஆணி அடிக்கக் கூடாது

"சார், உங்க கீழ்ப் போர்ஷன்காரன் சுவரை ஓட்டை ஓட்டையாத் துளைச்சுக்கிட்டிருக்கான். ரெண்டு நாளா டிரில்லிங் மெஷின் சத்தத்துல காது கிழியுது. வாசப்படியைக்கூட உடைச்சுட்டான் சார்!"

எதிர்வீட்டுக்காரர் போனில் சொன்னதைக் கேட்டதும், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த வீட்டுக்காரர் வெடுக்கென்று எழுந்து நிற்கப் பார்த்தார். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

"என் வாசப்படியை உடைக்க இவன் யாரு?"

பக்கத்தில் மனைவி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். "நாளைக்கு வீட்டுக்குத்தானே போறோம். நேர்ல பார்த்துக்கலாங்க" என்றாள், தலை நிமிராமல்.

பார்த்துக்கொள்வதாவது! வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கட்டின வீடு. கீழ்ப் போர்ஷனுக்கு அவன் குடிவந்த அன்றைக்கே அவர் போட்ட முதல் சட்டம், சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.

அவனும் விடாமல் கேட்டுக்கொண்டேதான் இருந்தான்.

"சார், சமையல்கட்டுல ஒரு பலகை அடிச்சுக்கட்டுமா?"

"கூடாது."

"துணி காயப்போட ஒரு கொக்கி?"

"கூடாது."

"காலண்டர் மாட்ட ஒரே ஒரு ஆணி சார்?"

"மேஜைமேல வெச்சுப் பாரு. தேதி என்ன மாறியா போயிடும்?"

தலையைச் சொறிந்துகொண்டு போய்விடுவான். அஞ்சு வருஷத்தில் ஒரு குண்டூசிகூடக் குத்தியதில்லை. இப்போது மட்டும் எங்கிருந்து வந்தது இந்தத் துணிச்சல்? மனுஷன் படுத்துவிட்டான், இனிமேல் எங்கே மாடியிலிருந்து இறங்கி வந்து கேட்கப்போகிறான் என்கிற தைரியம்தானே!

அவர் இருப்பது மாடியில். ஏறிப்போகக் குறுகலான படிக்கட்டு. தூக்கிக்கொண்டு போய் மேலே போட்டுவிட்டால், அப்புறம் அவரைக் கீழே இறக்குவது ஒரே ஒரு தடவைதான். ஆபரேஷன் முடிந்த நாளிலிருந்து இந்தப் பயம்தான் அவரைத் தின்றுகொண்டிருந்தது.

கீழ்ப் போர்ஷன் கிடைத்தால் பிழைத்துக்கொள்வார். ஆனால் ஒரு குறை சொல்ல முடியாதவனை என்ன சொல்லிக் கிளப்புவது? அந்தச் சங்கடமும் இப்போது தீர்ந்தது.

"நாளைக்கே காலி பண்ணச் சொல்லிடறேன். நாம கீழ வந்துடலாம்."

"திடுதிப்னு அவங்க எங்க போவாங்க?"

"எங்கயோ போகட்டும். உடைக்கிறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்."

அவள் ஆரஞ்சுச் சுளையை அவர் கையில் வைத்தாள்.

மறுநாள் கார் வாசலில் நின்றதும் குடித்தனக்காரன்தான் ஓடி வந்தான். தலையெல்லாம் சிமெண்டுத் தூசி. அவரைக் கைத்தாங்கலாக இறக்கிச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தான். அவர் முகம் கொடுக்கவில்லை. காலி பண்ணச் சொல்லும் வார்த்தைகளை வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தார்.

"முதல்ல உன் போர்ஷனுக்குள்ள தள்ளு. நீ பண்ணியிருக்கிற லட்சணத்தைப் பார்க்கணும்."

வாசப்படி இருந்த இடத்தில் சிமெண்டுச் சரிவு. நாற்காலி குலுங்காமல் உள்ளே போனது. அவர் அதைக் கவனிக்கவில்லை. கண்ணெல்லாம் சுவரில்தான். கூடத்திலிருந்து பாத்ரூம்வரை, இடுப்பு உயரத்துக்கு நீளமாக ஒரு இரும்புக் குழாய். அதைப் பிடித்து நிறுத்த எத்தனை ஓட்டைகள்! பாத்ரூமிலும் டைல்ஸைத் துளைத்து, உட்காரும் இடத்துக்கு ரெண்டு பக்கமும் கம்பி. கதவுத் தாழ்ப்பாளைக்கூடக் கழற்றிக் கீழே இறக்கியிருந்தான்.

"என்னய்யா நினைச்சுக்கிட்டிருக்கே? இது யார் வீடு?"

கத்திக்கொண்டே படுக்கையறைப் பக்கம் திரும்பினார். உள்ளே கிடந்தது அவருடைய கட்டில். ஜன்னலோரம் அவருடைய ரேடியோ.

"உங்க சாமானையெல்லாம் இறக்கியாச்சு சார். நாங்க மாடிக்குப் போயிட்டோம்" என்றான் அவன். "உங்களைக் கேட்டா கூடாதுன்னுடுவீங்க. அதான் அம்மாகிட்ட சாவி வாங்கி... சொல்லாம உடைச்சதுக்கு மன்னிச்சிடுங்க."

அவர் மனைவியைப் பார்த்தார். "நேத்தே சொல்லியிருக்கலாமே..."

"நேத்து நீங்க பேசினதுக்கப்புறம் எனக்கு வாய் வரலைங்க."

வெட்கத்தில் அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கையை நீட்டி அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டார். அது அசையாமல் நின்றது.

மாடிப்படிவரை போன குடித்தனக்காரன் தலையைச் சொறிந்துகொண்டே திரும்பி வந்தான்.

"சார், தப்பா நினைக்கலேன்னா ஒண்ணு கேட்கலாமா?"

"கேளுப்பா."

"மாடியில காலண்டர் மாட்ட ஒரே ஒரு ஆணி அடிச்சுக்கட்டுமா?"