அபிநந்தனின் உயரம்

“நான் இனிமே மெட்ராஸுக்கு வரமாட்டேம்மா. என்னை மட்டும் அந்த மெஷினுக்குக் கீழ படுக்க வெச்சிட்டு, எல்லாரும் வெளிய போய்க் கதவைச் சாத்திக்கிறாங்க.”

பத்து வயது அம்சவேணி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கட்டியைக் கரைக்கக் கதிர்வீச்சுக் கரண்டு வைக்கும் இடத்தைக் காட்ட ஆஸ்பத்திரியில் போட்ட ஊதாக் கோடுகள் அவள் கழுத்தில் தெரிந்தன. திங்கட்கிழமை மறுபடி போயாக வேண்டும். கட்டி பாதிதான் கரைந்திருக்கிறது, நடுவில் நிறுத்தினால் பிழைக்க வைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

தாய் செல்லியம்மாள் கெஞ்சிப் பார்த்தாள், மிரட்டிப் பார்த்தாள். கடைசியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுகுமாரியைப் பார்த்தாள்.

சுகுமாரி பக்கத்து ஊரான திருப்பருத்திக்குன்றத்து ஜைனக் குடும்பத்துப் பெண். மழைக்காலத்தில் ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் அம்சவேணியின் கழுத்தைப் பார்த்தவள், முன்பின் தெரியாத இந்த வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். “பச்சிலைப் பத்து கித்து போட்டுக்கினு இருக்காதீங்க. நாளைக்கே மெட்ராஸ் போங்க. என் பையன் அபிநந்தனுக்கும் இதே கட்டிதான். இப்ப எப்படி இருக்கான் தெரியுமா?” என்றாள். அன்றிலிருந்து வந்துகொண்டிருக்கிறாள்.

கரையைத் தனியாகக் கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். கரைப்பக்கம் உட்கார்ந்து தகப்பன் காசிநாதனுக்குக் கைகொடுத்து வந்தவள் அம்சவேணிதான். இப்போது அந்த இடத்தில் தெருக்காரர்கள் முறை வைத்து உட்கார்ந்தார்கள். நெய்யத் தெரியாத சுகுமாரி பேச வந்தாள்.

“எங்க அபியும் இதையேதாம்மா சொன்னான், ‘கதவைச் சாத்தினா எனக்கு பயமா இருக்குது’ன்னு. அப்புறம் இன்னா செஞ்சான் தெரியுமா? கண்ணை மூடிக்கினு வாத்தியாருங்க பட்டப்பேரையெல்லாம் வரிசையா சொன்னானாம். பேரு தீர்றதுக்குள்ள மெஷின் நின்னுடுச்சாம்.”

அம்சவேணி சுவரைப் பார்த்தபடியே கேட்டாள். “என்னென்ன பேரு?”

“கணக்கு வாத்தியாரு முருங்கைக்கா. டிராயிங் வாத்தியாரு ஊறுகா ஜாடி. ஹெட்மாஸ்டர் பேரைச் சொல்ல மாட்டேன், அவரு எங்களுக்குச் சொந்தம்.”

அம்சவேணி சிரித்துக்கொண்டே இந்தப் பக்கம் திரும்பினாள்.

செல்லியம்மாள் நெருங்கி உட்கார்ந்தாள். “இப்ப எவ்ளோ உசரம்க்கா இருக்கான் அபி?”

“அதை ஏன் கேக்குறே! நெலை இடிக்குதுன்னு குனிஞ்சுதான் உள்ள வரான். போன வருசம் தெச்ச பேன்ட்டு இப்ப கணுக்காலுக்கு மேல நிக்குது.”

“மீசை?”

“அரும்புது. கண்ணாடிய வுட்டு நகர்றதில்லை. நேத்து பாரு, வெளையாடிட்டு ராத்திரி எட்டு மணிக்கு வந்து ஆறு தோசை தின்னான்.”

“உங்க வூட்ல பொழுது சாஞ்சா யாரும் சாப்பிட மாட்டீங்களே பெரியம்மா?” என்றாள் அம்சவேணி. “அதுக்குத்தானே தெனமும் சீக்கிரமாப் போறீங்க?”

சுகுமாரியின் முகம் வாடியது.

“போடி, பெரிய மனுஷி! வெளையாடிட்டு வந்த புள்ள பசிக்குதுன்னா, பெத்தவ சூரியனைப் பாத்துக்கினா இருப்பா?” என்று செல்லியம்மாள் மகளை அதட்டினாள். “நீங்க சொல்லுங்கக்கா. தோசைக்குத் தொட்டுக்க இன்னா கேட்டான்?”

சுகுமாரியின் முகம் மறுபடி மலர்ந்தது. “தேங்கா சட்னிதான். வேற எதையும் தொட மாட்டான்” என்று தொடர்ந்தாள்.

வெயில் தாழ்ந்ததும் அவள் எழுந்தாள். “திங்கக்கிழமை நான் எங்க டீச்சருங்க பேரைச் சொல்லப்போறேன்” என்று சொல்லிக்கொண்டே அம்சவேணி தெருமுனைவரை வழியனுப்பப் போனாள்.

அவர்கள் போன வழியைப் பார்த்துக்கொண்டே காசிநாதன் வீட்டுக்குள் வந்தான். அவன் முகம் சரியாக இல்லை.

“அந்தம்மாவை இனிமே வரவேணாம்னு சொல்லிடு செல்லி.”

“ஏங்க?”

“பட்டுக்கடையில அவங்க பங்காளி பத்மராஜைப் பாத்தேன். அந்தப் பையன் தவறிப்போயி ரெண்டு வருஷம் ஆகுதாம்! அதே ஆஸ்பத்திரியிலதான். அவன் பொழைச்சான்னு நம்பித்தானே நம்ம பொண்ணை அங்க கொண்டுக்கினு போறோம்? இது அவ காதுல வுழுந்தா பஸ் ஏறுவாளா?”

செல்லியம்மாள் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“மெதுவாப் பேசுங்க. எனக்கு அது மொதல்லயே தெரியும்.”

“தெரியுமா?”

“மொதல் தடவை போனப்ப, அபிநந்தன்னு ஒரு பையன் இங்க சொகமாயிப் போனானேன்னு வார்டு ஆயாகிட்ட கேட்டேன். அது அழுதுடுச்சு. நேரா டாக்டரைப் போய்க் கேட்டேன். அந்தப் பையனை ரொம்ப முத்தினப்புறம் கொண்டாந்தாங்களாம். நம்ம பொண்ணு சீக்கிரமே வந்துட்டா, தேறிடுவான்னு சொன்னாரு. சீக்கிரம் போனது யாராலங்க? அக்காவாலதானே?”

காசிநாதன் தறிமேடையில் உட்கார்ந்துவிட்டான். “சரி, டாக்டரே சொல்லிட்டாரு. அப்புறம் ஏன் தெனமும் அந்தம்மாவை உக்கார வெச்சி, எவ்ளோ உசரம், இன்னா தின்னான்னு தோண்டித் தோண்டிக் கேக்குறே?”

“அக்கா ஊர்லேர்ந்து மோர் கொண்டார பூவம்மா சொன்னா. அவன் போனதிலேர்ந்து அவங்க வூட்ல யாரும் அவன் பேரைக்கூட எடுக்கறதில்லையாம்” என்றாள் செல்லியம்மாள். “அந்தப் புள்ள வளர்றதுக்கு நம்ம வூடு ஒண்ணுதாங்க இருக்குது.”