கூப்பிய கை

முடக்குவாத ஆராய்ச்சிக்காக டாக்டர் ஷமீமா பூங்காவனத்தின் விரல் மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்தி, வலிக்கிறதா என்று கேட்டார். அந்த ஆராய்ச்சியின் புது மருந்தைச் சாப்பிடும் அவள் ஒவ்வொன்றுக்கும் சிரித்தாள்.

“இல்லம்மா. போன வருசம் ரவிக்கைக் கொக்கி மாட்டக்கூட ஆள் தேவைப்பட்டுச்சு. இப்ப நானே மாட்டிக்கிறேன். எல்லாம் உங்க புண்ணியம்.”

“எனக்காகச் சொல்லாதீங்க. வலிச்சா வலிக்குதுன்னு சொன்னாத்தான் மருந்தைப் பத்தித் தெரியும்.”

“சத்தியமா வலியே இல்லம்மா.”

டாக்டர் வலி பூஜ்யம் என்று குறித்துக்கொண்டார். வாசல்வரை போன பூங்காவனம் திரும்பி, மனம் நிறைந்து கைகூப்பினாள். உள்ளங்கைகள் சேரவில்லை. வளைந்த விரல்களுக்கு நடுவே ஒரு குருவி உட்காரலாம்.

டாக்டர் எழுந்துபோய் அந்தக் கைகளைத் தன் கைகளுக்குள் பொத்திக்கொண்டார், இம்மிகூட அழுத்தாமல்.

“உக்காருங்கக்கா,” என்றார். “முதல்லேருந்து பார்ப்போம்.”