அம்மன் சொன்ன பதில்

“பேர்தான் சயன்ஸ் ரீச்சர்! பிள்ளைக்கு ஒப்பரேசன் செய்யிறதா இல்லையா எண்டு பூவிட்ட கேக்கப் போறியா?”

ரதீஸ் கத்திய கத்தலில் அவனுடைய மோட்டார் சைக்கிள் கராஜில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

மனைவி கஜானி அசையவில்லை. “வெள்ளிக்கிழம கண்ணகை அம்மன் கோயிலுக்குப் போறம். அவ்வளவுதான்.”

ஏழு வயது மகள் விதுர்ஷாவின் இதயத்தில் பிறவியிலேயே ஒரு கோணல். இதயத்துக்கே இரத்தம் கொடுக்கும் வலப்பக்கக் குழாய் இடப்பக்கத்திலிருந்து கிளம்பியிருந்தது. மயக்கமில்லை, மூச்சுமுட்டலில்லை. வேறெதற்கோ எடுத்த ஸ்கேனில் அகப்பட்டது.

டொக்டர் இரண்டு வழி சொன்னார். நெஞ்சைத் திறந்து சரிசெய்யலாம். அல்லது ஓட்டப் போட்டிகளை நிறுத்திவிட்டு, வருசா வருசம் சோதித்துப் பார்த்துக்கொண்டு பொறுத்திருக்கலாம். இரண்டுமே பிழையில்லை, தாயும் தகப்பனும் பேசி முடிவெடுங்கள் என்று விட்டுவிட்டார்.

பேசினார்களா? சண்டைதான் பிடித்தார்கள்.

“உன்ட சொல்லக் கேட்டுச் சும்மா விட்டு, மறுகா பிள்ளைக்கு ஒண்டு நடந்தா நீதான் பொறுப்பு!”

“சரி, வெட்டி ஒண்டு நடந்தா?”

கஜானி திருப்பிக் கேட்டாள். ரதீஸ் காலையில் ஒப்பரேசன் என்பான், பின்னேரம் வேண்டாம் என்பான். சோறு இறங்கவில்லை. அந்த மனுசனைத்தான் விஞ்ஞானம் படிப்பிக்கிற பெண்சாதி பூக் கட்டிப் பார்க்க இழுத்துக்கொண்டு போனாள்.

வீட்டிலிருந்தே வெற்றிலையில் பூச் சுற்றிக் கட்டிக்கொண்டுவந்த இரண்டு பொட்டலங்களைக் கஜானி அம்மன் முன் வைத்தாள். ஒன்றில் சிவப்பு, மற்றதில் வெள்ளை என்றாள். சிவப்புப் பூ வந்தால் ஒப்பரேசன், வெள்ளை வந்தால் பொறுத்திருப்பது. பூசை செய்யும் கட்டாடியார் மணியடித்தார். விதுர்ஷா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள்.

வெள்ளை.

ரதீஸுக்கு உடம்பெல்லாம் லேசாகிப் போனது. அவ்வளவு ஏசியவன் விழுந்து கும்பிட்டான். எத்தனையோ நாளைக்குப் பிறகு மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு சிரித்தான்.

திரும்பும் வழியில், வாவிக்கரையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தச் சொன்னாள் கஜானி.

“மத்தப் பொட்டலத்தத் தண்ணியில விட்டுட்டு வாறன். அம்மனுக்கு வெச்ச பூ, கால்ல மிதிபடக் கூடா.”

“கொண்டா, நான் விடுறன்.”

“வேணாம், நீங்க இருங்க...”

அதற்குள் அவன் வாங்கிவிட்டான். நூல் அவிழ்ந்து வெற்றிலை விரிந்தது.

அதுவும் வெள்ளை.

“என்னகா இது? அம்மனையே ஏமாத்திப்போட்டியா?”

கஜானி பூவை வாங்கித் தண்ணீரில் விட்டாள்.

“டொக்டரிட்டத் தனியப் போய்த் திரும்பவும் கேட்டன். தன்ட பிள்ளையெண்டா பொறுத்துத்தான் பாப்பாராம். முடிவெடுத்தது நான்தான். ஆனா நாளைக்கு ஒண்டு நடந்தா நீங்க என்னை ஏச வேணாம், உங்களையே ஏசிக்கொள்ளவும் வேணாம். அம்மன ஏசுங்க. அவ கோவிக்கமாட்டா.”