தொப்புளுக்கு மேலே ஒரு கோடு

மருத்துவர் குண்டூசியைப் பாதத்தில் தொடங்கி மேல்நோக்கிக் குத்திக்கொண்டே வருகிறார். சட்டையைத் தூக்கிப் பிடித்தபடி எலக்ட்ரீஷியன் மல்லாந்து படுத்திருக்கிறான். ஜன்னல் வெயில் முழங்காலில் விழுந்திருப்பதைக் கண்ணால் பார்த்துத்தான் அறிகிறான். சக்கர நாற்காலியில் வரும்போது அவனுக்கே தெரியாமல் கழன்று விழுந்த செருப்பு மனைவியின் கையில் இருக்கிறது. “சுருக்குன்னு குத்தினா சொல்லுங்க.” கணுக்கால், தொடை, அடிவயிறு எல்லாம் கடந்து ஊசி தொப்புளுக்கு ஒரு விரல்கடை மேலே வந்ததும், “இங்கதான்” என்கிறான். அங்கே பேனாவால் ஒரு கோடு விழுகிறது. தலையைத் தூக்கி அதை ஆர்வமாகப் பார்க்கிறான். எரியாத விளக்கிலிருந்து தொடங்கி, கரண்ட் எதுவரை வந்திருக்கிறது என்று அவனும் டெஸ்டரை இப்படித்தான் ஒவ்வோர் இடமாக வைத்துத் தேடுவான். “அப்போ ஃபால்ட் இதுக்கு மேல இருக்கு.” “ஆமா, முதுகுல. ஸ்கேன்ல தெரியுற கட்டியும் அங்கதான் இருக்கு.” “வயர் அறுந்துடுச்சா, இல்ல நசுங்கித்தான் கிடக்கா?” “டாக்டருக்கே வேலை சொல்லிக் குடுங்க” என்கிறாள் மனைவி. மருத்துவர் சிரிக்கவில்லை. “நல்ல கேள்விதான். கட்டி வெளியிலிருந்து தண்டுவடத்தை அழுத்துது. அதை எடுத்தாலும் கால் எவ்வளவு திரும்பும்னு இப்பவே சொல்ல முடியாது. துளி அசைவு இருந்தாலும் நம்பிக்கை அதிகம். தலையைக் கீழ வச்சுக்கிட்டு, கால் கட்டைவிரலை ஆட்டுங்க.” அவன் மேற்கூரையைப் பார்த்தபடி பல்லைக் கடித்து முயல்கிறான். விரல் ஆடுகிறதா, ஆடுவதாக நினைப்பு மட்டும்தானா என்பது அவனுக்குப் பிடிபடவில்லை. “ஆடுதா?” என்கிறான். மனைவி அவன் பாதத்தருகே குனிந்திருக்கிறாள். “கொஞ்சம் பேசாம இருங்க. பார்த்துக்கிட்டிருக்கேன்.”