பின்டயர்

பார்த்திபனூர் தாண்டியது. கருவேலங்காடு வந்தது.

அவர் பிரேக்கில் கால் வைக்கவில்லை.

ஒன்றரை வருடமாக அவர் ஓட்டும் இந்த ராமநாதபுரம் பஸ், இந்த இடத்தில் நிற்காமல் போனதே கிடையாது.

நிறுத்துவார். தன் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்குவார். பின்டயரை இரண்டு உதை உதைப்பார். அப்படியே ரோட்டைக் கடந்து கருவேலத்துக்குள் போய்விடுவார். டயர் சூடாகிறதாம்.

டயருக்கு ஒன்றும் இல்லை. அவரால்தான் ஒரு மணி நேரம் அடக்க முடியவில்லை. அடித்துப் பிடித்துப் போய் நின்றாலும் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். ஐம்பது பேர் பஸ்ஸில் காத்திருக்கிற நினைப்பில் அதுவும் நின்றுவிடும்.

யாரோ ஒரு பயணி புகார் எழுதினார். டிப்போவில் இரண்டு நல்ல டயரைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டினார்கள்.

மறுநாள் அவர் புது டயரையும் உதைத்தார்.

கண்டக்டர் அமலதாஸ் மட்டும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவர் பஸ்ஸை நிறுத்தியதும் அமலதாஸும் இடப்பக்கம் இறங்கி, அந்தப் பக்கத்துப் பின்டயரை உதைப்பார். கிளம்பும்போது ஏறிக்கொள்வார். நாலு வருடமாகச் சேர்ந்து ஓடுகிற ஆள், தன் மானத்தைக் காப்பாற்றுகிறார் என்று அவர் நெகிழ்ந்துபோயிருந்தார்.

மூன்று மாதம் முன்பு டிப்போவில் கண் பரிசோதனை முகாம். கண்ணைப் பார்த்ததோடு ரத்தமும் எடுத்தார்கள். ரத்தத்தில் ஏதோ ஓர் அளவு கூடுதல் என்று மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே ஸ்கேன். பிறகு, ஊசியை விட்டுச் சதை எடுத்தார்கள். எந்த இடத்திலிருந்து என்று வீட்டில் சொல்லக் கூச்சப்பட்டு, மூட்டுவலி என்றார்.

முடிவு வரப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் அவர் பாதி செத்துப்போயிருந்தார்.

"புற்றுதான். ஆனா கடுகளவு," என்றார் டாக்டரம்மா. "மூத்திரப்பைக்குக் கீழ இருக்குற சுரப்பியை விட்டு வெளிய வரல. வேகமா வளர்ற ரகமும் இல்ல. இப்போதைக்கு கத்தியும் வேணாம், கரண்டு வைக்கிறதும் வேணாம். ஆறு மாசத்துக்கு ஒருக்கா ரத்தம் குடுங்க, நாங்க விடாம பாத்துக்கிட்டே இருப்போம்."

ஒன்றுக்கு நிற்காததற்கும் அந்தக் கடுகுக்கும் சம்பந்தமே இல்லையாம். அது வயதோடு வருகிற வீக்கம். அதற்கு மாத்திரை. தொந்தரவே இல்லாவிட்டாலும் ஐம்பது தாண்டினவர்கள் இந்த ரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது என்றார்.

வீட்டில் உண்மையைச் சொன்னதும் மனைவி அடிக்கவே வந்தாள். பிறகு உட்கார்ந்து அழுதாள். பிறகு எழுந்துபோய்ப் பாயசம் வைத்தாள்.

இன்று மாத்திரையின் எட்டாவது நாள்.

கருவேலங்காடு ஜன்னலில் ஓடியது. அடிவயிறு பேசாமல் இருந்தது. அவருக்குச் சிரிப்பு வந்தது. வெறும் ரோட்டில் ஒரு தரம் ஹாரன் அடித்தார்.

ஒற்றை விசில்.

இங்கே இறங்க யாரும் இல்லையே.

நிறுத்தினார். கண்ணாடியில் பார்த்தார்.

அமலதாஸ் பின்படியில் இறங்கினார். பின்டயரை ஒரு உதை உதைத்தார். இரண்டாவது உதைக்கு நேரமில்லை. ஓட்டமும் நடையுமாகப் புதருக்குள் போனார்.

பஸ் காத்திருந்தது. ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. அமலதாஸ் வரவில்லை.

ஒன்றரை வருடமாக இடப்பக்கம் கேட்ட உதைகளை அவர் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார்.

கடைசியில் அமலதாஸ் வந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. முன்வாசல் வழியாக ஏறி, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"டயர் ரொம்ப சூடாயிருக்குண்ணே."

அவர் சட்டைப்பையிலிருந்து டாக்டரம்மாவின் சீட்டை எடுத்து நீட்டினார்.

"திங்கக்கிழமை லீவு போடு. நானும் கூட வாரேன்."

அமலதாஸ் சீட்டைப் படித்தார். அவரைப் பார்த்தார். மறுபடி சீட்டைப் படித்தார்.

பயணிகள் சத்தம் போட்ட பிறகுதான் இரட்டை விசில் வந்தது.