மூன்றாம் அடியில் ஒரு மூச்சு

அந்த லுத்தரன் கோவிலின் கால் ஆர்மோனியத்துக்குத் துருத்தியில் ஓட்டை. எந்த ஞானப்பாட்டானாலும் மூன்றாம் அடி முடிகிறபோது காற்று தீர்ந்துவிடும். ஞானசவுந்தரியின் கணவர் பாக்கியநாதன் பெடலை இரண்டு முறை மிதித்துக் காற்றேற்றும்வரை சபையார் வாய்மூடிக் காத்திருப்பார்கள். அங்கே ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் பாட்டே அப்படித்தான் என்று நினைத்து வளர்ந்தார்கள்.

பாக்கியநாதன் கர்த்தருக்குள் நித்திரையான பிறகு ஆர்மோனியம் சாமான் அறைக்குப் போனது. புதுக் கீபோர்டைத் தடவிக்கொண்டே போதகர் சொன்னார்: "இது கரண்டுல ஓடுறதும்மா. இனிமே நடுவுல நிறுத்த வேண்டியதே இல்ல."

"எங்கிட்ட ஏன் சொல்றீங்க ஐயா? சபைகிட்ட சொல்லுங்க" என்றாள் ஞானசவுந்தரி வெடுக்கென்று.

சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஞாயிறு ஆராதனையில் மூன்றாம் அடி முடிந்தது. கீபோர்டு மட்டும் கொஞ்ச தூரம் தனியாக ஓடி, பின்னால் யாரும் வராததைக் கண்டு நின்றது. கோவிலில் மின்விசிறிகளின் சத்தம்தான் மிச்சம். பெண்கள் பக்கத்து முதல் பெஞ்சுக்கடியில் ஞானசவுந்தரி வெறுங்காலால் தரையை அழுத்தி மிதித்தாள். ஒரு முறை. இன்னொரு முறை.

சபை நான்காம் அடியை எடுத்தது.