வெள்ளைக் கேரவன்

“மேடம், வண்டியில இடம் இருக்கு. ஏறிக்கிறீங்களா?”

கிளெனிஸ் திரும்பிப் பார்க்கவில்லை. பெடலை மிதித்துக்கொண்டே, “வேணாம்” என்றாள்.

வெள்ளைக் கேரவன் ஒன்றை இழுத்தபடி, அவளுக்கு இணையாக ஊர்ந்து வந்தது அந்தக் கார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இந்தப் பக்க ஜன்னலை நோக்கிச் சாய்ந்து பேசினார் தாடிக்காரர்.

“எதிர்க்காத்து இந்த அடி அடிக்குது. மேடம் முகம் தக்காளி மாதிரி ஆயிடுச்சே.”

“என் முகத்தை ஏன் பார்க்கறீங்க? ரோட்டைப் பாருங்க. கங்காரு குறுக்க வந்துடப் போகுது.”

“சைக்கிளை மேல கட்டிக்கலாம். சாப்பாடும் தங்க இடமும் இருக்கிற ரோட்ஹவுஸ் இன்னும் ரொம்ப தூரம்.”

“எனக்கும் போர்டு படிக்கத் தெரியும். கிளம்புங்க.”

அவர் சிரித்தார். கார் வேகமெடுத்து, கானலில் ஒரு வெள்ளைப் புள்ளியாகிக் கரைந்தது.

நல்லார்பார் சமவெளியில் சாலை வளைவதே இல்லை. உப்புப் புதரும் வானமும்தான். அடிபட்டுக் கிடந்த கங்காருவைக் கொத்திக்கொண்டிருந்த கழுகு, கிளெனிஸ் நெருங்கியும் பறக்கவில்லை. ஐம்பத்தொன்பது வயதில் ஒரு பெண் மிதித்து வருகிற வேகம் அதற்கு ஒரு பொருட்டாகவே படவில்லை போலிருக்கிறது.

அது அவளுக்கு ரோஷத்தைத்தான் கிளப்பியது. கூட ஒருத்தர் பேச்சும் இல்லாமல், காற்றை மட்டும் கேட்டுக்கொண்டு ஒரு நாள் ஓட்ட வேண்டும் என்று எத்தனை ஆசை!

மதியம் ஓய்விடத்தை எட்டியபோது பாட்டிலில் கடைசி வாய்த் தண்ணீர்தான் மிச்சம். அங்கிருந்த தொட்டியின் குழாயைத் திருகினாள். புஸ்ஸென்று காற்று வந்தது.

“காலி. நானும் பார்த்துட்டேன்.”

கேரவன் நிழலில், மடக்கு நாற்காலியில் அதே தாடிக்காரர். பக்கத்தில் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது.

“டீ போடட்டுமா? பிஸ்கட்டும் இருக்கு.”

“உங்களுக்கு ஒரு தடவை சொன்னா புரியாதா? என் பின்னால வராதீங்க!”

“நான் எங்க பின்னால வந்தேன்? உங்களுக்கு முன்னாலதானே இருக்கேன்.”

கிளெனிஸ் முறைத்த முறைப்பில் அவர் நாற்காலியை மடக்கினார். போகும்போது தண்ணீர் கேன் ஒன்றைத் தொட்டியடியில் வைத்துவிட்டுப் போனார்.

அவள் அதைத் தொடவில்லை. வண்டிச் சத்தம் அடங்கும்வரை தொடவில்லை. அப்புறம் சாலையின் இரு பக்கமும் பார்த்துவிட்டு, கேனைத் தூக்கி மடக் மடக்கென்று குடித்தாள்.

பிரேக் பிடிக்கும் சத்தம் கேட்டுத் தூக்கிவாரிப்போட்டது. மூன்று பெட்டி கோத்த ராட்சச லாரி ஒன்று நின்றது. டிரைவர் இறங்கி ஓடிவந்தார். தொடை பருமனில் கை. அதில் பார்னி என்று பச்சை குத்தியிருந்தது.

“அக்கா, அந்தத் தண்ணி யார் கொடுத்தது? அந்தக் கேரவன் ஆளா?”

“ஆமா.”

“குடிச்சிட்டீங்களா! ஐயோ, காலைலேருந்து அவன் உங்களையே சுத்திச்சுத்தி வர்றான்னு எதிர்ல வர்ற டிரைவருங்க அத்தனை பேரும் ரேடியோவுல பேசிக்கறாங்க. தொல்லை பண்றானா?”

“தொல்லைதான்.”

“தனியா வர்ற பொம்பளைன்னா இளக்காரமா? ஏறுங்க, நான் கொண்டுபோய் விடறேன்.”

“தம்பி, நான் யார் வண்டியிலயும் ஏறமாட்டேன். ஓட்டியே தீருவேன்.”

பார்னி அவளை ஏற இறங்கப் பார்த்தார். “சரி. ஓட்டுங்க. அவனை நாங்க பார்த்துக்கறோம்.”

கிளெனிஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, புன்னகையோடு சைக்கிளில் ஏறிவிட்டாள்.

அதன்பின் கேரவன் கண்ணில் படவேயில்லை. சாயங்காலம் காற்றுகூடத் தணிந்தது. தொடை இரண்டும் கடுத்தன. இரண்டு முறை இறங்கித் தள்ளினாள். ஒருமுறை யாருமில்லை என்ற தைரியத்தில் வாய்விட்டு அழுதும் பார்த்தாள். ஆனால் சூரியன் விழுவதற்குள் ரோட்ஹவுஸ் வாசலில் கால் ஊன்றிவிட்டாள்.

உள்ளே ஒரே கூட்டம். மூலை மேசையில் தாடிக்காரர், பாதி தின்ற இறைச்சிப் பஃப்ஸோடு. சுற்றிலும் பார்னியும் மூன்று டிரைவர்களும், கோட்டைச் சுவர் மாதிரி. கார் சாவி பார்னியின் கையில் இருந்தது.

“வாங்க அக்கா! ஆள் சிக்கிட்டான். போலீசுக்குச் சொல்லிடலாமா?”

“நான் சொல்றதை நம்பவே மாட்டேங்கறாங்க,” என்றார் தாடிக்காரர் பரிதாபமாக. “நீயாவது சொல்லேன்!”

“பார்த்தீங்களா, நீ வா போன்னு பேசறான்!” பார்னி கொதித்தார். “அக்கா, இந்த ஆளை உங்களுக்குத் தெரியுமா?”

கிளெனிஸ் அவசரப்படவில்லை. ஜிஞ்சர் பியர் ஒன்று வாங்கி, பாட்டிலைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டாள். பாதியைக் குடித்தாள். வாயைத் துடைத்தாள்.

“தெரியும். பெர்த்லேருந்து கூடவே வண்டியில வர்றாரு. ‘நான் டீ போட்டுத் தண்ணி கொடுக்கலைன்னா உன்னால ஒரு நாள் ஓட்ட முடியுமா’ன்னு காலைல சவால் விட்டாரு. நேரா இங்க வந்து காத்திருங்கன்னு சொல்லிட்டுத்தான் கிளம்பினேன்.” அவள் சாவியை வாங்கித் தாடிக்காரரின் முன்னால் வைத்தாள். “என்னை விட்டுட்டு ஒரு நாள் இருக்க முடியலை, என் வீட்டுக்காரருக்கு!”